அன்றைக்கு மட்டும் நான் தொடவில்லை

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். செல்லில் ஓடுகிற வீடியோவை நிறுத்தச் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும். நான் பழக்கமில்லாதவர்களிடம் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆனால் உடுமலையில் பஸ் கிளம்பியதிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டேன். "தினசரி ஓட்டத்துக்கு எந்த மோடு பெஸ்ட்?" என்கிறான் அந்தப் பையன். ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று விரலை மடக்குகிறான். அவன் பதிலுக்கு வருவதற்குள் நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து வைத்துவிடுகிறீர்கள்.

வண்டி வாங்கப் போகிறீர்களா? எஸ்.யூ.வி.யா? நல்லது. பதிலை நான் சொல்கிறேன், அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஈகோ. அவ்வளவுதான். எரிபொருளை அளந்து விடும், மெதுவாக எழும்பும். ஸ்போர்ட் என்பது தொட்டால் பாயும். நார்மல் இரண்டுக்கும் நடுவில். ஈகோ தவிர மற்ற இரண்டும் ஊதாரிகளுக்கு.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்கலாம். கேளுங்கள். முப்பத்தோரு வருஷம் நாலு மாதம் கவர்ன்மென்ட் பஸ் ஓட்டினேன். எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. விபத்து பூஜ்யம். உரசல்கூட இல்லை. எங்கள் டிப்போவில் ஒரு கரும்பலகை உண்டு. ஒவ்வொரு மாதமும் டிரைவர்களின் பெயருக்கு எதிரே, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தான் என்று சாக்பீஸில் எழுதிப்போடுவார்கள். கே.எம்.பி.எல். என்று சொல்வோம். சென்னியப்பன் என்ற என் பெயருக்கு எதிரே ஐந்து புள்ளி ஆறுக்குக் கீழே ஒரு மாதமும் எழுதியதில்லை. நூற்றுப் பதினேழு மாதம் பலகையில் முதல் பெயர் என்னுடையது.

நூற்றுப் பதினெட்டாக இருந்திருக்க வேண்டும். ஒரு ஆவணி மாதம், என்னோடு அதே பஸ்ஸில் மாற்று டியூட்டி பார்த்த பெரியதம்பியின் பெயரில் என் கணக்கை எழுதிவிட்டார்கள். அவனுக்குக் கைதட்டினார்கள். கிளார்க்கிடம் போய், இது என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் ஆயிற்று. பெரியதம்பி செத்தும் போனான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த டிரைவரைப் பார்த்தீர்களா? மேட்டில் நாலாவது கியரிலேயே அழுத்துகிறார். எஞ்சின் இருமுகிறது. மூன்றுக்கு இறக்கு அப்பா... ம், இறக்கிவிட்டார்.

என் மகன் செந்தில்வேல் மஸ்கட்டில் இருக்கிறான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தினான். எனக்கு இல்லை. என் இடது கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறது, "அப்பா, நீங்க ஸ்டீயரிங்கத் தொடவேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டான். வண்டி அவன் மனைவிக்கு. சுகந்தி என்று பெயர். மாட்டு டாக்டர். மலையடிவாரத்தில் ஒன்பது ஊர் அவள் பொறுப்பு, அதில் ஆறு ஊருக்கு பஸ் கிடையாது. மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போன் வந்தால் விடிகிறதற்குள் கிளம்ப வேண்டும். அதற்குத்தான் வண்டி.

முன்சீட் இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டக் குமிழ். இடப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பினால் டக் என்று ஒரு மோடு இறங்கும், வலப்பக்கம் திருப்பினால் ஒரு மோடு ஏறும். குமிழ் உடனே பழைய நிலைக்கே வந்து நிற்கும். அதனால் குமிழைப் பார்த்து ஒன்றும் தெரியாது. திரையின் மூலையில் சின்னதாக எழுத்து மாறும், அதைப் பார்த்தால்தான் உண்டு. இன்னொன்று, எங்கள் வண்டிக்கு மறதி கிடையாது. எந்த மோடில் அணைத்தீர்களோ மறுநாள் அதிலேயே எழும்பும். நீங்கள் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அவள் வந்து வண்டியை நிறுத்திவிட்டு குளிக்கப் போவாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு துணியோடு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் துடைப்பேன். "மாமா வண்டியக் கண்ணாடியாட்டம் வெச்சிருக்காரு" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. துடைக்கும்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் திரையைப் பார்ப்பேன். நார்மல் என்று இருக்கும். ஒரு டக், இடப்பக்கம். ஈகோ. அணைத்துவிட்டு இறங்கிவிடுவேன். திரையில் காட்டுகிற மைலேஜையும் ஒரு டயரியில் எழுதுவேன். வண்டி வந்து எட்டு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தேன், அதிலிருந்து ஒரு நாள் விடாமல் நூற்று நாற்பத்து மூன்று சாயங்காலம். தேதியோடு இருக்கிறது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யாரிடம்? மருமகளிடமா?

தம்பி, எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை. மாமனார் மருமகளிடம் நேரே பேசுவதில்லை, அவளும் அப்படித்தான். சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் நேராக என்னிடம் பேசியது பதினொரு தடவை. நான் அவளிடம் நாலு தடவை. அதில் ஒன்று, கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோது. மற்றதெல்லாம் என் வீட்டுக்காரி ராமாத்தா வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்போம்.

"ராமாத்தா, பின்னாடி எடப்பக்கச் சக்கரத்துல காத்துக் கம்மியா இருக்குதுன்னு சொல்லு."

"ஏன், அவளுக்குக் காது இல்லையாக்கும்? சுகந்தி, உங்க மாமா காத்துக் கம்மிங்கறாரு."

"அடிச்சுக்கறேன்னு சொல்லுங்க அத்தை."

"அடிச்சுக்கறாளாமா. உங்க ரெண்டு பேருக்கும் தபால் குடுத்தே எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

காற்றைப் பற்றிச் சொல்லலாம். நீ ஓட்டுகிற விதம் சரியில்லை என்று ராமாத்தா வழியாக எப்படிச் சொல்வது? அவள் அதை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். அதனால் கையால் சொன்னேன்.

ஒரு தடவை சுகந்தி சாப்பிடும்போது ராமாத்தாவிடம் சொன்னாள். "அத்தை, இந்த வண்டி தெனம் காத்தால ஈகோலதான் எந்திரிக்குது. அதோட ராசி அப்படிப் போல. நான் ஏறுன ஒடனே கண்ண மூடிட்டு ஒரு டக்கு தட்டிருவேன்." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். தலையைத் திருப்பாதீர்கள், கண்ணால் மட்டும் பாருங்கள். நமக்கு இரண்டு வரிசை முன்னால், பெண்கள் பக்கம், ஜன்னலோரம். பாசிப்பச்சை சேலை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவள்தான்.

இல்லை, நாங்கள் சேர்ந்து வரவில்லை. மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவள் எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஏறுவாள். நான் முன்னாடியே உடுமலை ஸ்டாண்டுக்குப் போய் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். ரிட்டயர் ஆனவர்களுக்குப் பாஸ் உண்டு. இன்றோடு பதினெட்டு நாள். கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டு வருகிறாளா, சீட் கிடைக்கிறதா என்று பார்ப்பேன், வேறொன்றுமில்லை. பதினைந்து நாள் சீட் கிடைத்தது, மூன்று நாள் நின்றாள். இன்று கடைசி வரிசை முழுக்க வெங்காய மூட்டை, அதனால் இங்கே வரும்படி ஆயிற்று. பயப்பட வேண்டாம், இந்த எஞ்சின் சத்தத்தில் அடுத்த சீட்டுக்கே கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் பேசினான். செல்லை மேஜை மேல் நிறுத்திவைத்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரே சிரிப்பு.

"அப்பா, சேதி தெரியுமா? சுகந்தி பதினஞ்சு புள்ளி எட்டு எடுக்கறா! ஷோரூம்காரனே நம்ப மாட்டேங்கறான். மலை ஏறி எறங்கற வண்டிக்கு இந்த மைலேஜா, யாருங்க டிரைவர்னு கேக்கறான். நீங்க பலகையில மொதப் பேரு, மொதப் பேருன்னு சொல்லுவீங்களே, உங்களையே மிஞ்சிட்டாப்பா!"

ராமாத்தா கைதட்டினாள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு, "மாமா பஸ்ல வரும்போது டிரைவருங்களப் பத்திச் சொல்லுவாரில்லீங்க அத்தை, அதையெல்லாம் கேட்டுக் கத்துக்கிட்டதுதான்" என்றாள். அதைக்கூட ராமாத்தாவிடம்தான் சொன்னாள்.

கேட்டுக் கற்றுக்கொண்டாளாம். நூற்று நாற்பத்து மூன்று தடவை இறங்கிப்போய் மாற்றியது நான். மறுபடியும் என் கணக்கு இன்னொரு பெயரில். இந்தத் தடவை என் வீட்டிலேயே, என் கண் முன்னால்.

அன்று சாயங்காலம் அவள் வெளியே போய்வந்து வண்டியை நிறுத்திய பிறகு நான் துடைக்கப் போகவில்லை. நார்மலிலேயே கிடக்கட்டும், இரண்டு வாரம் போனால் யார் மைலேஜ் என்று தெரிந்துவிடும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாவி ஆணியில் தொங்கியது. நான் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் நான் தொடவே இல்லை.

ஆ, ரயில்வே கேட். மூடிவிட்டார்கள். பார்த்தீர்களா, எஞ்சினை அணைத்துவிட்டார்! இதுதான் டிரைவர். கேட்டில் நின்றால் அணைக்க வேண்டும், ஏழு நிமிஷம் நின்றால் ஏழு நிமிஷ டீசல். மேட்டில் நாலாவது கியரில் ஏறினதைக்கூட இதற்காக மன்னித்துவிடலாம். நூறு பேரில் இரண்டு பேர் அணைப்பார்கள்.

எங்கே விட்டேன்? திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அவளுக்குப் போன், ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே திரும்பிவிட்டது என்று. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வண்டி வாசலைத் தாண்டியது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் எழுநூறு மீட்டரில் ஒரு வாய்க்கால் பாலம். அங்கே தேங்காய் மட்டை ஏற்றின டிராக்டர் மெல்லப் போயிருக்கிறது. பாலம் தாண்டினதும் முந்தலாம் என்று ஆக்சிலேட்டரில் காலை எப்போதும்போல வைத்திருக்கிறாள். வண்டி பாய்ந்து டிரெய்லரின் முதுகில் போய் மோதியது. டிராக்டர்காரனுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. மாடு பிழைக்கவில்லை, கன்றும் இல்லை. வேறு டாக்டர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நான் டி.வி.எஸ். ஐம்பதில் போனேன். அதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வண்டியைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் முன்பக்கம் நசுங்கினதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. மூலையில் சிவப்பில் ஸ்போர்ட்.

எப்படி என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். ஈகோவில்தான் எழுந்திருக்கும் என்று நினைத்து, அவசரத்தில் திரையைப் பார்க்காமல் ஒரு டக். அவள் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் நான் ஏறி உட்கார்ந்ததும் பிரேக், ஹாரன், கண்ணாடி மூன்றையும் பார்க்காமல் எடுத்ததில்லை. ஓட்டுகிறவன் பார்க்க வேண்டும். எந்த விசாரணையிலும் அதுதான் முதல் கேள்வி. நான் முந்தின நாள் தொட்டேனா? தொடவில்லை.

அதாவது, முந்தின நாள் தொடவில்லை. கணக்கு என்றால் சரியாகச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்தபோது கை தானாகப் போயிற்று. இரண்டு டக், இடப்பக்கம். ஈகோ. பிறகு அணைத்தேன். அது நூற்று நாற்பத்து நாலு. டயரியில் அதை எழுதவில்லை.

கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்தான். "வண்டில எந்தக் கோளாறும் இல்லீங்க. ஈகோலதான் இருந்திருக்குது. ஈகோல போயி இப்படிப் பாய்ஞ்சுதுன்னா, மேடம் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பாங்க" என்றான். மகன் மஸ்கட்டிலிருந்து கத்தினான். "ஈகோல கூட ஓட்டத் தெரியலைன்னா எப்படி சுகந்தி?" அவள் ஒரு தடவைதான் சொன்னாள். "நான் நார்மலுக்கு மாத்துனேங்க. காலு மெதுவாத்தான் வெச்சேன்." அப்புறம் சொல்லவில்லை. இப்போது அவளே மெக்கானிக் சொன்னதை நம்பிவிட்டாள். ராமாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "எனக்குக் காலு எது கையி எதுன்னே தெரியாமப் போச்சு அத்தை. இனி ஸ்டீயரிங் பக்கம் போனா யாரையாவது கொன்னுருவேன்."

அதோ ரயில். பழனி பாசஞ்சராக இருக்க வேண்டும், நாலு நிமிஷம் லேட்.

பதினான்காம் தேதி மகன் வருகிறான். வண்டியை விற்றுவிடப் போகிறான். அவள் ஊர்களுக்குப் போகிற வேலை வேண்டாம், உடுமலை ஆபீஸில் மேஜை வேலை கொடுங்கள் என்று எழுதிவைத்திருக்கிறாள். விண்ணப்பம் அவள் மடியில் இருக்கிற பையில்தான் இருக்கிறது. ஒன்பது ஊருக்கும் டாக்டர் இருக்காது. நான் வாயைத் திறந்தால் நின்றுவிடும் என்கிறீர்கள். திறந்து? விபத்து பூஜ்யம் என்று சான்றிதழ் வைத்திருக்கிற ஆள், எழுபத்தோரு வயதில், மருமகள் வண்டியின் குமிழைத் திருட்டுத்தனமாகத் திருகினான் என்று ராமாத்தா ஊரெல்லாம் சொல்வாள். அதுவும் நான் தொடாத ஒரு நாளுக்காக!

ஒரு இடம் மட்டும் எனக்கு உதைக்கிறது. அவள் தினமும் ஏறின உடனே நார்மலுக்கு மாற்றிவிட்டாள் என்றால், இத்தனை மாதமும் வண்டி ஈகோவில் ஓடவே இல்லை. அப்படியானால் அந்தப் பதினைந்து புள்ளி எட்டு எங்கிருந்து வந்தது? ஷோரூம்காரன் நார்மலுக்குப் பதினாலுதான் சொன்னான். மூன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஏதோ திரையில் கோளாறு. அப்படித்தான் இருக்கும்.

கேட் திறந்துவிட்டது. இப்போது ஸ்டார்ட் பண்ணுவார். பண்ணிவிட்டார். இவ்வளவு நேரம் எவ்வளவு அமைதியாக இருந்தது, கவனித்தீர்களா? முன்னால் அந்த அம்மாள் பூக்கட்டுகிற நார்ச் சத்தம்கூட...

தம்பி.

நான் பேசியது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்? நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

எழுந்துவிட்டாள். அவள் இறங்குகிற நிறுத்தம் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கிறது, இப்போதே ஏன் எழுந்திருக்கிறாள்? முன்வாசலுக்குப் போகாமல் இந்தப் பக்கம் வருகிறாள். நீங்கள் அந்த வீடியோவையே பாருங்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

…

"அண்ணா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க பக்கத்துல இருக்கறவருகிட்ட ஒண்ணு சொல்லோணும், சொல்லிருங்க. வண்டிய விக்கறதில்ல. பதினாலாந்தேதி அவங்க பையன் வந்தா, வண்டி எதுல இருந்துச்சுன்னு இவரே சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு நான் ஓட்டுவேன். இனி வண்டிய யாரும் தொடைக்க வேண்டாம். அப்பறம், திரையில ஒரு கோளாறும் இல்லீங்கண்ணா. பதினஞ்சு புள்ளி எட்டு என் காலுல வந்தது."

…

இறங்கிவிட்டாளா? பார்த்துச் சொல்லுங்கள். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து இறங்குவாள், டிரைவர் முழுசாக நிறுத்தினாரா? பையிலிருந்து ஏதோ காகிதத்தை எடுத்தாளே, என்ன செய்தாள்? கிழித்தாளா? நாலாகவா, எட்டாகவா?

பார்த்தீர்களா, எவ்வளவு பேசினாள். ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. பதினொன்று பதினொன்றாகவேதான் இருக்கிறது. நான் அன்றைக்குத் தொடவில்லை என்று அத்தனை தெளிவாகச் சொன்னேனே, அது மட்டும் அவள் காதில் விழவில்லை. இனி நார்மலில்தான் ஓட்டுவாள். மைலேஜ் பதினாலுக்கு வந்து நிற்கும், அப்போது தெரியும்.

நிற்காதா? உங்களை யார் கேட்டார்கள்?

நீங்கள் பழனி வரைக்குமா? நானும் அதுவரை வந்துதான் திரும்ப வேண்டும். பதினான்காம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஐந்து. மகன் காலை விமானத்தில் வருவான்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? என் காதிலும் விழுந்ததுதான். ஆனாலும் என்னிடம் சொல்லும்படி அவள் கேட்டது உங்களைத்தானே. இன்னும் நீங்கள் சொல்லவில்லையே. சொல்லுங்கள் தம்பி.